ஹேவாஹெட்டப் பனியில் ஒரு துவாய்

ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர் அழகமுத்து. ஒரு நாள் தலாத்துஓயா இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது பெடல் வழுக்கியது. குனிந்து பார்த்தால் இரத்தம். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி வலது பாதத்துக்குள் நின்றது. எங்கே ஏறியது, எப்போது ஏறியது, ஒன்றும் தெரியாது. பிடுங்கி எறிந்துவிட்டுச் சந்தைக்குப் போய் லீக்ஸ் மூட்டைகளை இறக்கினார்.

சீனி வருத்தம், சர்க்கரை நோய். காலில் தொடங்கிய மரப்பு கொஞ்சம் கொஞ்சமாக மனசுக்கும் ஏறிவிட்டது போலிருந்தது. மகள் துஷ்யந்தி டுபாயிலிருந்து போனில் அழுதபோதுகூட அவர் போனைக் காதில் வைத்தபடி சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லி ஒரு பூச்சியைப் பிடித்தது. அதுதான் நினைவில் நின்றது.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மட்டும் ஆள் வேறு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்தான், ஆனால் வேதத்தில் யுத்தம் வருகிற இடமெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "தாவீது ராசாகிட்ட பெனாயான்னு ஒரு ஆளு. ஒறைஞ்ச மழ கொட்டுற நாளு. குழிக்குள்ள சிங்கம். சும்மா தாண்டிப் போயிருக்கலாம். போனானா? எறங்குனான்! அடிச்சான்!" என்று மேசையில் தட்டுவார். சனம் ஆமென் போடும்.

புண் ஆறவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆகவேண்டும் என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார். பிந்தினால் விஷம் மேலே ஏறும், அப்புறம் உயிருக்கு உத்தரவாதமில்லை.

"சரிங்க" என்றார் அழகமுத்து. வேறு யாருடைய காலைப் பற்றியோ பேசியது போலிருந்தது.

அழுகை வரவில்லை. ஆனால் போகவும் மனசில்லை. கால் இல்லாவிட்டால் லொறி இல்லை. லொறி இல்லாவிட்டால் அழகமுத்து என்று ஒருத்தர் எதற்கு? அதற்குப் பயம் என்று அவர் பெயர் வைக்கவில்லை.

"ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டுத்தான் போகணும்" என்று மனைவி புஷ்பத்திடம் சொன்னார். "கிதியோன் கேட்ட மாதிரி."

கிதியோன் சண்டைக்குப் போகுமுன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டுவைத்து அடையாளம் கேட்டவன். ஒரு நாள் தோல் மட்டும் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும். அடுத்த நாள் தரை மட்டும் நனைய வேண்டும், தோல் காய்ந்திருக்க வேண்டும். அழகமுத்து இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு பொழுது சாயும்போது தோட்டத்து லயத்து வீட்டுக்கு முன்னால் புல்லில் குளித்துத் துடைக்கிற துவாய் ஒன்றை விரித்தார்.

"ஆண்டவரே! விடிய இந்தத் துவாய் காஞ்சு கெடந்தா நான் கால எடுக்கச் சம்மதிக்கிறேன். நனைஞ்சு கெடந்தா போகமாட்டேன்!"

கூட்டத்தில் பழகிய குரல், அடக்க வராது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ஜனார்த்தனன் தன் திரீவீலரைத் துடைப்பதை நிறுத்தினான்.

"என்னா மாமா, ஒங்க சாமிக்குக் காது மந்தமா? மேல் லயம் வரைக்கும் கேக்குது."

"ஒன் வேலையப் பாருடா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மார்கழி மாசம், ஹேவாஹெட்ட, அதுல துவாய் காயணும். இங்க அடுப்புக்கு மேல போட்டாலே காயாது. போகமாட்டேன்னு நேராவே சொல்லிட்டுப் போங்களேன்!"

அழகமுத்து துவாயின் மூலைகளை இழுத்துவிட்டார். வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த புஷ்பம் துவாயைப் பார்த்தாள்.

விடிந்தது. புல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துவாய் காய்ந்து கிடந்தது. அழகமுத்து அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். சந்தோஷம், நடுக்கம், ஒன்றும் வரவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஜனா, வண்டிய எடு. பேராதனைக்குப் போவோம்."

கலஹாவைத் தாண்டினார்கள். பிறகு புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்னாங்க. அந்தத் துவாய நான்தான் மாத்துனேன். மக அனுப்புன ஜோடியில மத்தது அது. நீங்க எழும்புறதுக்குக் கொஞ்சம் முந்தி போட்டேன். ஆண்டவர் என்னைய மன்னிக்கட்டும். நீங்க சாகுறத என்னால பாக்க ஏலாது."

ஜனார்த்தனன் வண்டியை ஓரங்கட்டினான். "அப்ப திருப்பவா மாமா?"

அழகமுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலை மலையில் பனி இன்னும் எழும்பவில்லை.

"அடிப்பக்கம் ஈரமா இருந்திச்சு. மேல்பக்கம் பொட்டுப் பனியில்ல. ராவெல்லாம் கெடந்த துவாய் அப்பிடியா இருக்கும்? கால்லதான் மரப்பு, கையில இல்ல."

"தெரிஞ்சுமா வந்தீங்க?" என்றாள் புஷ்பம்.



"கிதியோனுக்கு அடையாளம் கெடச்ச பொறகும் பயம் போகல. எதிரி பாளயத்துப் பக்கம் போறதுக்கு வேலக்காரன் ஒருத்தனத் தொணைக்குக் கூட்டிக்கிட்டுத்தான் போனான். வேதத்துல இருக்கு. நான் ஒரு புதன்கெழமையும் அத சொன்னதில்ல. சிங்கம் அடிச்ச கதையத்தான் சொன்னேன்." தோளிலிருந்த துவாயைச் சரிசெய்தார். "நீ ஓட்டு ஜனா."

"பயமா இருக்குங்களா?" என்றாள் புஷ்பம்.

"தெரியல. இருக்கும்போல."

ஆஸ்பத்திரியில் டொக்டர் இன்னொரு தடவை கேட்டார், சம்மதமா என்று. "எடுங்க" என்றார் அழகமுத்து. அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகிற நடைபாதை நீளமாக இருந்தது. அவர் தோளிலிருந்த துவாயை வாங்கிக்கொண்டு புஷ்பம் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

அவர் தலையைத் திருப்பித் தேடினார். ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல் இப்போது அவளுக்கு மட்டுந்தான் கேட்டது.

"கதவு வரைக்கும் வா."

துவாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கூடவே நடந்தாள்.