கொடி மறைத்த வெயில்

என் கணவர் ஐவின் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்று இருந்துவிட்டால் மனிதர் அதைவிட்டு இம்மியும் அசையமாட்டார். இந்தக் கோடையில் எங்கள் சின்னப் பாய்மரப் படகில் புது பேட்டரிகளை வைத்து, பின்பக்கக் கம்பியில் ஒரு சோலார் பேனலையும் மாட்டினார். இனி ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலையே இல்லை என்றார். மறுநாளே பால் திரிந்துவிட்டது.

காலை முழுக்க, பேட்டரிகள் இருக்கும் படுக்கைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வயர்களைத் திட்டினார். பால் இல்லாத காப்பியோடு மேலே வந்த நான்தான் பார்த்தேன். படகின் பின்னால் பறந்த எங்கள் டென்மார்க் கொடியின் நிழல் பேனல்மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐவின், வயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் கொடிதான் வெயில மறைக்குது. கழட்டு அத!"

பேன்ட்டைக் கழற்றச் சொன்னதுபோல் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"பகல்ல கொடிய இறக்கறதா? துறைமுகமே பாக்குது, பியர்தா! விதிப்படி சூரியன் மறையறப்பதான் இறக்கணும்."

"அப்ப பேனலையாவது முன்னாடி மாத்தித் தொலை."

"அங்க பாயோட நிழல் விழுமே. இதுதான் சரியான எடம்."

நான் காப்பியோடு கீழே போய்விட்டேன். சாயங்காலம் சூரியன் மறைந்ததும், தரையில் படாமல் கொடியை இறக்கி, பக்குவமாக மடித்துவைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப நிழலே இல்ல. வந்து கரண்ட் மீட்டரப் பாரு!"

பார்த்தேன். பூஜ்யம்.

"கொடியோட சூரியனையும் சேத்து மடிச்சு வச்சுட்டியே, ஐவின்."