வண்டலூருக்கு அடுத்தது டெம்ப்

மென்பொருள் எழுதுவது பாதி வேலை, எழுதியதற்குப் பெயர் வைப்பது மீதி வேலை; அந்த மீதியை எவனும் செய்வதில்லை என்பது இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்குத் தெரியும்.

ஜன்னலோர சீட்

தாம்பரத்தில் எங்கள் ஆபீஸ். ஒரு ஸ்கேன் சென்டருக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். டீம் லீடர் முரளி சார் பொத்தேரியிலிருந்து ரயிலில் வருவார். வழியில் வரும் ஸ்டேஷன் பெயர்களைத்தான் மென்பொருளுக்கும் வைப்பார். நோயாளியைப் பதிவு செய்யும் பகுதிக்கு அவர் வைத்த பெயர் பெருங்களத்தூர். ரிப்போர்ட் டைப் செய்யும் பகுதி வண்டலூர். எது எங்கே இருக்கிறது என்று தேடியே என் முதல் மாதம் ஒழிந்தது. பொறுக்கமாட்டாமல் போய்க் கேட்டேன்.

"ஜன்னலோர சீட்ல உக்காந்தாதான் ஐடியா வரும் ஜெசி. உனக்கு ரசனையே இல்ல."

நின்றுகொண்டு வந்த நாள்

ஒருநாள் ரயிலில் அவருக்கு சீட் கிடைக்கவில்லை போலிருக்கிறது. டாக்டர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ரிப்போர்ட்டுகளை, ஸ்கேன் படங்களோடு, வைக்கும் இடத்துக்கு டெம்பரரியைச் சுருக்கி 'டெம்ப்' என்று பெயர் வைத்துவிட்டார். ஒருவருடைய ஈரல் ரிப்போர்ட் தற்காலிகமா? 'கையெழுத்துக்கு' என்று மாற்றலாம் என்று நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை கத்தியே சொன்னேன்.

"ஓடுற வண்டிய ஏன் நிறுத்தற? கஸ்டமர் அதையா பாக்கப் போறான்?"

கும்பிடவா முடியும்?

சர்வரில் இடம் இல்லை, வேண்டாததை அழியுங்கள் என்று உத்தரவு வந்தது. அனுராதா அக்கா எங்கள் ஆபீஸிலேயே நிதானமான ஆள். டெம்ப்பைப் பார்த்தார், அழித்தார். பேக்கப்பில் இருக்கும் என்று ஓடினோம். அதுவும் டெம்ப் என்றாலே தாண்டிப் போகும்படி எழுதப்பட்டிருந்தது. முரளி சார் எல்லார் முன்னாலும் அக்காவைத் திட்டினார். எனக்குப் பற்றி எரிந்தது. அக்கா மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"டெம்ப்புன்னு பேர் வெச்சா தூக்கிப் போடாம கும்பிடவா செய்வாங்க, சார்?"

பெரும்பாக்கத்து அம்மா

மன்னிப்புக் கேட்க ஸ்கேன் சென்டருக்கு என்னை அனுப்பினார்கள். பெயர் வைத்தவர் வரவில்லை. கவுன்டரில் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா நின்றிருந்தார். கணவர் வயிற்றைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். மதியத்துக்குள் ரிப்போர்ட்டைக் காட்டினால்தான் டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பாராம். ரிப்போர்ட் அழிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டரில் கிடைக்கவில்லை என்றேன்.

"இன்னாம்மா கெடைக்கல? எங்க வூட்டுக்காரரு பேரு ஏழுமலை. அந்தப் பேர்ல தேடு, கண்டிப்பா கீது."

ஏழுமலைக்கு மறுபடி ஊசி, மறுபடி ஸ்கேன், ஆபரேஷன் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது. நாங்களும் பாடம் கற்றுக்கொண்டு அன்றைக்கே பெயரை மாற்றிவிட்டோம், டெம்ப் 2 என்று.