முகம் விழாத படம்

சுன்னாகம் புகையிரத நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே, வெங்காய மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியை ஒட்டி, நோர்மன் இராசையாவின் படக்கடை இருந்தது. கூரையின் ஒரு பக்கத்தில் ஓடுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தார். அவருடைய வெளிச்சம் அவ்வளவுதான். மழை இருட்டினால் கடை பூட்டு.

வட்டுக்கோட்டையில் பிறந்தவர். தகப்பன் மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். நோர்மன் சில காலம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தார். பிறகு அதை விட்டுவிட்டுக் கமரா வாங்கினார். பள்ளிக்கூடம் போய்விட்டது, மாஸ்டர் என்ற பெயர் போகவில்லை.

கலியாணம், பரிசளிப்பு விழா, உத்தியோகத்தர் பிரியாவிடை எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். ஆனால் கூடுதலாகக் கூப்பிட்டது செத்தவீட்டுக்கு. அந்த நாளில் வலிகாமத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. தாய் தகப்பன் கண்ணை மூடினால் தந்தி போகும். மகன் கப்பல் ஏறுமுன் சாம்பல் ஆறிவிடும். ஆகவே பறைமேளத்துக்குச் சொல்ல ஓடுகிறவன், போகிற வழியில் படக்காரருக்கும் சொல்லிவிட்டுப் போவான். படம் மலாயா போகும். அங்கே மகன் அதை வைத்து அழுவான்.

அந்தப் படத்துக்கு ஒரு முறை இருந்தது. பிரேதத்தின் தலைக்குக் கீழே இரண்டு தலையணை. முகம் கமராவைப் பார்த்துச் சரிந்திருக்கவேண்டும். சரியாக நில்லாவிட்டால் யாராவது பின்னால் குந்தியிருந்து தலையைப் பிடிப்பார்கள். இனசனம் பின்வரிசையில். நட்டநடுவில் பிரேதம். எவர் முகமும் மறையக்கூடாது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. நோர்மன் பல வருடம் இப்படியே பிடித்தார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

பிறகுதான் அவர் படித்தார். கொழும்பில் ஒரு படச்சங்கத்தில் சேர்ந்திருந்த அவருடைய பழைய மாணவன் ஒருவன் சீமைச் சஞ்சிகைகளைக் கட்டி அனுப்பினான். அவற்றில் எழுதியிருந்தது நோர்மனை உலுப்பியது. பார்க்கவேண்டிய பொருளை நடுவில் வைக்காதே. சட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் மூன்றாகப் பிரி. கோடுகள் வெட்டுகிற இடத்தில் வை. பார்க்கிறவன் கண்ணை ஒரு கோடு பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகட்டும். முன்னால் ஒரு பொருள் இருந்தால் படத்துக்கு ஆழம் வரும். வெறுமையைக் கண்டு பயப்படாதே. ஓரத்தில் குப்பையை விடாதே. எல்லாவற்றையும் காட்டாதே.

கமராவின் பின்கண்ணாடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொண்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் கமராவைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பனங்காணி, கிணற்றுத் துலா, தோட்டத்து வரம்பு. மனைவி நவமணியைக் கதவோரம் நிற்கவைத்து ஒன்று பிடித்தார். அவள் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இதிலை என்னைவிடக் கதவுதானே பெரிசாயிருக்கு. நீங்கள் கதவையே கட்டியிருக்கலாம்."

கொழும்புத்துறைக் கரையில் யாகப்பு என்ற மீன்பிடிகாரர் அரைநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாஸ்டர், வள்ளத்தைத் தள்ளச் சொன்னியள், தள்ளினன். இப்ப என்னையும் தள்ளிப்போகச் சொல்லுறியள். ஆற்றை படம் இது?"

"கடலின்ரை படம், யாகப்பு."

"கடலுக்கு என்னத்துக்குப் படம்? அது எங்கை ஓடப்போகுது? நான்தான் நாளைக்கு இருப்பனோ தெரியாது."

நோர்மன் சிரித்தார். ஆனால் யாகப்புவைச் சட்டத்துக்குள் சேர்க்கவில்லை. வானம் கெட்டுப்போகும்.

1934 மாசியில் ஏழாலையில் இருந்து ஆள் வந்தது. சின்னாச்சி என்ற கமக்காரக் கிழவி இறந்துபோனாள். மகள் ஞானாம்பிகை வாசற் படலையிலேயே நின்றாள். அழுதழுது குரல் அடைத்திருந்தது.

"மாஸ்டர், அம்மாவை ஒருக்காலும் படம் பிடிச்சதில்லை. ஆயுசு குறையுமெண்டு விடமாட்டா. அண்ணை மலாயாவுக்குப் போகேக்கை அவருக்கு மீசை கூட வடிவாய் முளைக்கேல்லை. இண்டுவரைக்கும் வரேல்லை. அவருக்கு அனுப்ப வேணும். முகம் வடிவாய் விழவேணும்."

"விழும், தங்கச்சி. யோசியாதையுங்கோ."

அப்படிச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. முற்றத்துக்குப் போனபிறகுதான் பந்தலைக் கண்டார்.

கிடுகுகளின் இடைவெளியால் வெயில் கோடு கோடாக இறங்கியது. சாம்பிராணிப் புகை அந்தக் கோடுகளில் ஏறி நின்றது. தலைவிரிகோலமாய் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குனிந்திருந்த பெண்களின் முதுகுகள் ஒரு வளைவாகப் போய்த் தலைமாட்டுக் குத்துவிளக்கில் முடிந்தன. முன்னால் வெயிலில் கிழவியின் பாதங்கள், பெருவிரல்கள் சேர்த்துக் கட்டியபடி. நோர்மன் கால்மாட்டில் கமராவை ஊன்றி, முக்காலியைப் பதித்து, கறுப்புத் துணிக்குள் புகுந்தார்.

பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அதுவே ஒரு சுகம். தலைகீழாகப் பார்க்கிறபோது ஆட்கள் போய்விடுகிறார்கள். வெளிச்சமும் இருட்டும் கோடுகளும் மிஞ்சுகின்றன. விளக்கு பென்சில் கோடுகள் வெட்டும் இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. முகம் அதன் கீழே நிழலுக்குள் இருந்தது.

ஞானாம்பிகையின் சின்னையா பொன்னம்பலம் இரண்டு தலையணையோடு வந்தார்.

"மாஸ்டர், தலையை உயர்த்தட்டோ?"

தலையணை வைத்தால் வளைவு உடையும்.

"வேண்டாம் ஐயா. உப்பிடியே கிடக்கட்டும்."

"எப்பவும் உயர்த்துறதெல்லோ?"

"இது வேறை மாதிரி."

படித்தவர் சொல்கிறார் என்று பொன்னம்பலம் தலையணைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு விலகினார்.

படம் பதிகிற முதல் கண்ணாடித் தகட்டைத் திறந்து மூடும்போது ஒரு பெண் நிமிர்ந்துவிட்டாள். வளைவு கெட்டது. பையில் இன்னொரு தகடு இருந்தது. அது முகத்துக்கென்று கொண்டுவந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். உள்ளே கடைசிக் கிரியையில் சுண்ணம் இடிக்கும் பாட்டுத் தொடங்கிவிட்டது. இனிக் கொஞ்ச நேரத்தில் பிரேதத்தை எடுத்துவிடுவார்கள். நோர்மன் அந்தத் தகட்டையும் அதே இடத்தில் நின்று, அதே வளைவுக்குக் கொடுத்தார்.

கமராவை மடிக்கும்போது ஞானாம்பிகை வந்தாள்.

"முகம் விழுந்ததோ, மாஸ்டர்?"

"ஓம்" என்றார்.

அவருடைய வாழ்க்கையில் அவர் பிடித்த மிகச் சிறந்த படம் அது. இருட்டறையில் தகட்டைத் தூக்கிப் பார்த்தபோது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசத்தைத்தான் பிற்காலத்தில் அவரால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த நாள் ஞானாம்பிகை படத்தைக் கையில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதிலை அம்மா எங்கை?"

அவர் விளக்கினார். பாருங்கோ தங்கச்சி, உங்கடை கண் இந்தப் பாதத்திலை தொடங்குது, இந்த முதுகுகளைப் பிடிச்சுக்கொண்டு போகுது, விளக்கிலை போய் நிக்குது. துக்கம் முழுக்க அந்தக் கோட்டிலை இருக்கு. அவள் அவருடைய விரலைப் பின்தொடர்ந்து பார்த்தாள். விரல் நின்ற இடத்தில், விளக்குக்குக் கீழே, ஒரு கறுப்பு இருந்தது.

"நீங்கள் படிச்சனீங்கள்" என்று சொல்லிப் படத்தைக் கடுதாசியில் சுற்றினாள். அது மலாயா போயிற்று.

இன்னொரு பிரதி கொழும்புக்குப் போயிற்று. கண்காட்சியில் பரிசு. ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கம். பாதிரியார் ஆராதனைக்குப் பிறகு கையைப் பிடித்துக் குலுக்கினார். நோர்மன் படத்தைச் சட்டம் போட்டுக் கடையின் முன்சுவரில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி மாட்டினார்.

அடுத்த தையில், கிழவியின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குக் கொஞ்ச நாள் முந்தி, மலாயாவில் இருந்து கதிரவேலு வந்து சேர்ந்தார். கறுப்புக் கோட்டு, தோல்பெட்டி, முன்தலை வழுக்கை. ரெயிலால் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குள் வந்தார். சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"இது எங்கடை பந்தல்" என்றார். "நான் சின்னாச்சியின்ரை மகன்."

நோர்மன் கதிரையை இழுத்துப் போட்டார். வந்தவர் அதில் இருக்கவில்லை.

"வடிவான படம், மாஸ்டர். அங்கை நான் வேலை செய்யிற கந்தோர்த் துரை பாத்திட்டு, கெட்டிக்காரன் பிடிச்ச படம் எண்டு சொன்னவர். நான் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைச்சுப் பாத்தனான். அம்மா உதுக்குள்ளைதான் இருக்கிறா எண்டு தெரியும். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியேல்லை."

குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. தன் கண்ணில்தான் பிழை என்று நம்புகிற குரல்.

"உங்களிட்டைப் பெரிய கண்ணாடி இருக்குமெல்லோ? முகத்தை மாத்திரம் பெரிசாக்கித் தாருங்கோ. திவசத்துக்கு வைக்கலாம். உண்மையைச் சொன்னால், மாஸ்டர், எனக்கு அம்மாவின்ரை முகம் வடிவாய் ஞாபகமில்லை. குரல் இருக்கு. முகம் இல்லை."

முகம் இல்லை, நான் பிடிக்கவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பரிசுப் படம் இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது.

"பாப்பம்" என்றார் நோர்மன்.

சன்னலோரம் பெரிதாக்கும் பெட்டியை வைத்துத் தகட்டில் முகம் இருந்த மூலையை மட்டும் பெரிதாக்கினார். நிழல் வந்தது. வாயை மூடிக் கட்டிய நாடிக்கட்டுத் துணியின் ஒரு ஓரம் வந்தது. மூக்காக இருக்கக்கூடிய ஒரு மேடு. மற்றதெல்லாம் நனைந்த மணல் போல் புள்ளி புள்ளியாய்க் கிடந்தது. இன்னும் பெரிதாக்கினார். மேடும் போயிற்று.

படக்கடைக்காரர்களிடம் கூர்ப் பென்சிலும் மசியும் தூரிகையும் இருக்கும். அம்மைத் தழும்பை மறைக்க, மீசையைக் கறுப்பாக்க. நோர்மன் அவற்றை எடுத்து மேசையில் வைத்தார். நவமணி தேத்தண்ணியோடு வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஆற்றை முகம் இது?"

"ஏழாலைக் கிழவியின்ரை."

"நீங்கள் அவவைக் கண்டனீங்களோ?"

"செத்தவீட்டிலை கண்டனான்தானே."

"முகத்தை?"

அவர் யோசித்தார். வெகுநேரம் அந்த மனுசியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பாதம் ஞாபகம் இருந்தது. பெருவிரல் நகத்தில் மண் காய்ந்திருந்தது. முகம் அவருக்குத் தெரியவே தெரியாது.

"அந்த மனுசனிட்டைப் போய், இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றாள் நவமணி. "திட்டினால் வாங்குங்கோ. திட்டு வாங்கி ஒருத்தரும் செத்ததில்லை."

"சொல்லுவன்."

அவள் போனதும் பென்சிலைச் சீவினார். நெற்றியைக் கதிரவேலுவிடம் எடுத்தார். மூக்கையும் நாடியையும் ஞானாம்பிகையிடம். செத்தவர் படத்தில் கண்ணைத் திறந்து வைப்பது படக்காரர் வழக்கம்; இந்தக் கண்களையும் திறந்த கண்களாகவே போட்டார். அவற்றை எங்கிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. சித்திரம் படிப்பித்த கை. முகம் எழும்பி வந்து சாந்தமாக அவரைப் பார்த்தது.

கதிரவேலு அதை வாங்கி, கண்ணாடிக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் நின்றார். பிறகு, கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரிய மனுசன் விக்கி விக்கி அழுதார்.

"இந்தப் பார்வைதான், மாஸ்டர். ஓம். இந்தப் பார்வைதான். இப்ப எல்லாம் ஞாபகம் வருகுது."

நோர்மன் காசு வாங்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எண்ணிக் கதிரவேலு கையெடுத்துக் கும்பிட்டார். திவசத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார். போகாமல் விட ஒரு சாட்டு, ஒரு காரணம் தேடினார் நோர்மன், கிடைக்கவில்லை.

ஏழாலை வீட்டில் படத்தைக் கதிரை மேல் வைத்து, மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பொன்னம்பலம் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். "உரிச்சு வைச்சது போலை இல்லையோ? மாஸ்டர் அண்டைக்கு, இது வேறை மாதிரி எண்டு சொன்னவர். எனக்கு அப்ப விளங்கேல்லை." அயல்வீட்டுக் கமலாவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கதிரவேலு நோர்மனைத் தனக்குப் பக்கத்தில் இருத்திச் சாப்பிடவைத்தார். வாழையிலையில் விழுந்ததெல்லாவற்றையும் நோர்மன் விழுங்கினார். ஞானாம்பிகை பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்தாள். அவருடைய இலைக்கு வந்தபோது மட்டும் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கிணற்றடியில் கை கழுவும்போது அவள் செம்போடு வந்து தண்ணீர் வார்த்தாள்.

"மாஸ்டர், அம்மாவுக்கு இடக் கன்னத்திலை மரு ஒண்டு இருந்தது. பெரிசு. சின்னனிலை அண்ணை அதைப் பிடிச்சு இழுத்து அடி வாங்குவாராம்."

நோர்மனின் கை அப்படியே நின்றது. வாய், அவரைக் கேட்காமலே, கடைக்காரனின் வாயாகப் பேசியது:

"அதை வைச்சுத் தரலாம், தங்கச்சி. படத்தைக் கொண்டு வந்து தாருங்கோ."

சொல்லி முடிக்குமுன்னே அந்தச் சொற்கள் அவருடைய காதிலேயே விழுந்தன. காது சுட்டது.

"வேண்டாம்" என்றாள். "அண்ணையே மறந்திட்டார். சின்னையாவும் மறந்திட்டார். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அண்ணை சந்தோசமாய்க் கப்பலேறட்டும்."

செம்பில் மிஞ்சிய தண்ணீரையும் அவர் கையில் வார்த்தாள். கோபமாக இருந்தால் நல்லாயிருக்கும் என்று அவர் நினைத்தார். கோபம் இல்லை; களைப்புத்தான் இருந்தது.

"இந்த ஒரு வரியமாய் நான் படமில்லாமல்தான் அம்மாவை நினைச்சுக்கொண்டு இருந்தன், மாஸ்டர். உது வீட்டுக்கு வந்த நாள் தொட்டு, கண்ணை மூடினால் உந்த முகந்தான் வருகுது. மற்றது வருகுதில்லை."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். நோர்மன் ஈரக் கையைத் துடைக்காமல், ஒருவரிடமும் சொல்லாமல், பின்பக்க வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் குனிந்து ஒழுங்கைக்கு இறங்கினார்.