நகத்தளவு கண்ணாடி

லிஃப்ட் பழுது பார்க்கும் அவருக்குத் திருப்புளி என்று பட்டப்பெயர். எது கையில் கிடைத்தாலும் பிரித்துவிடுவார். விரலால் தொட்டு இயக்கும் திரையை வீட்டிலேயே செய்ய ஆசைப்பட்டார். அதற்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் கேமரா வேண்டும். வீட்டில் இருந்ததோ மனைவியின் வெப்கேம். ஞாயிறுதோறும் வெளிநாட்டுத் தங்கையோடு அவள் பேசுவது அதில்தான்.

சொல்லாமல் எடுத்தார். லென்ஸைக் கழற்றி, அகச்சிவப்பைத் தடுக்கும் நகத்தளவு கண்ணாடியை பிளேடால் நெம்பினார். அது இரண்டாக உடைந்தது. அங்கே சாதாரண ஒளியை மறைக்கும் கறுத்த ஃபிலிம் துண்டை வைத்ததும், ஓரங்களில் அகச்சிவப்பு விளக்கு பதித்து அவர் செய்திருந்த பலகையில் விரல் பட்ட இடமெல்லாம் கணினியில் வெள்ளைப் புள்ளியாக எழுந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறன்று ஃபிலிமை எடுத்துவிட்டு, உடைந்த கண்ணாடி இல்லாமலே, ஒன்றுமே நடக்காததுபோல் கேமராவைப் பழைய இடத்தில் மாட்டினார்.

"அக்கா, என்ன உன் முகம் ஊதாவா இருக்கு? உடம்பு சரியில்லையா?" என்றாள் தங்கை.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, நேத்து தூசி தட்டினேன். நான்தான் எதையாச்சும் பண்ணிட்டேனோ?"

உண்மை வாய்வரை வந்தது. "இனிமே பாத்துத் துடை," என்றார். அப்போதே நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் புது வெப்கேம் வாங்கி வந்தார்.

"திட்டாம வாங்கிக் குடுத்தீங்களே," என்றாள்.

திரை தயாராகி மூன்று மாதம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"நீயும் ஒரு தடவை தொட்டுப் பாரேன்," என்று தினமும் கூப்பிடுகிறார்.

அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். "வேணாங்க. என் கை பட்டாலே கெட்டுடும்."