உத்தமருக்கு இரண்டு வாழ்த்துப் பத்திரம்

நண்பர்களே,

இன்று காலை பட்டாபிராமில் ரயிலேறினேன். ஜன்னலில் எங்கள் ஏரி. மழையில் கரை உடைந்து தண்ணீரெல்லாம் ஓடிப்போன ஏரியில் பனி நிரம்பி, பழையபடி தளும்புவதுபோல் இருந்தது. கண் சொக்கியது.

எதிரே ஒரு கூடைக்காரருக்கும் மில்காரருக்கும் சண்டை. அந்தக் கரையை மைத்துனருக்குக் காண்டிராக்ட் விட்டு, சட்டசபையில் அதைப்பற்றிக் கேள்வியே வராமல் அமுக்கிய எங்கள் மெம்பரைப் பற்றித்தான்.

"அந்தாளு உங்க கட்சிதானே அண்ணாத்தே?" என்றார் கூடைக்காரர்.

"இப்பதான் நைனா. கரை கட்டசொல்ல, அப்போ உங்க கட்சியிலதானே கீந்தாரு?" என்றார் மில்காரர்.

"கேள்விய அமுக்கசொல்ல எந்தக் கட்சியில கீந்தாராம்?"

அம்பத்தூர் வரை அவர்கள் பேச்சில் மெம்பர் இந்த பெஞ்சுக்கும் அந்த பெஞ்சுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்.

"நீங்க இன்னா சார் சொல்றீங்கோ?" என்று என் பக்கம் திரும்பினார் கூடைக்காரர்.

நான் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்சிக் கூட்டத்திலும் அவருக்கு வாசித்தளித்த வாழ்த்துப் பத்திரத்தை எழுதியவன் நான். கட்சியின் பெயரை மட்டும் மாற்றினேன். 'கவர்னர் துரையே மெச்சும் உத்தமரே' என்ற வரி இரண்டிலும் அப்படியே.

அடுத்த மாதம் மூன்றாவது கட்சியில் சேருகிறாராம். பத்திரம் கேட்டு நேற்றே ஆள் அனுப்பிவிட்டார்.

'உத்தமரே'வுக்குப் பதில் வேறு சொல் தெரிந்தவர்கள் உடனே கார்டு போடுங்கள்.