காத்து எண்ணுதானா?

கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அதோடு சரி. ஆவி, ஆத்மா என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். கணினியில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில், எதற்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தூத்துக்குடியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. கடலுக்குப் போகிற வள்ளங்களுக்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். காற்றின் வேகம் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும், அளவு மீறினால் வள்ளக்காரர்களின் போனுக்குத் தானாகவே அழைப்பு போகும், கரைக்குத் திரும்புங்கள் என்று பதிவு செய்த குரல் சொல்லும். இதை என்னோடு சேர்ந்து உருவாக்கியவன் ஜெரால்டு. கீழவைப்பார் என்கிற கடலோர ஊர்க்காரன், பக்கத்து நாற்காலி, என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறக்கிறவன். போன வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. உள்ளே வருகிற ஒவ்வொரு தகவலும் என்ன வகை என்று சோதித்தே ஆக வேண்டும். வள்ளங்கள் பட்டியலாக வருகிறதா, பெயர் எழுத்தாக வருகிறதா, காற்றின் வேகம் எண்ணாக வருகிறதா.

"ஐம்பத்தஞ்சுங்கது எண்ணாவும் வரும், எழுத்தாவும் வரும். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ளா, மிஷினுக்கு வேற வேற" என்பான். எழுத்தாக வந்தால் எங்கள் புரோகிராமுக்கு அது காற்றே இல்லை, சத்தமில்லாமல் விட்டுவிடும். அதைப் பிடிக்கத் தானாக ஓடும் சோதனைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவன் பேசுகிற மாதிரியே பெயர் வைத்திருந்தான். ஒன்றுக்கு 'காத்து எண்ணுதானா' என்று பெயர்.

அவன் போன பிறகு எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்றினோம். மாற்றியது வெளியூர் ஆட்கள், சோதனைகளைப் புதிதாக அவர்களே எழுதினார்கள். ஜெரால்டு எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சாயங்காலம், டீ வந்த நேரம், நல்ல வெளிச்சம். வழக்கம்போல் சோதனைகளை ஓட விட்டேன். வரிசையாகப் பச்சை விழுந்துகொண்டே வந்து கடைசியில் ஒரு சிவப்பு. பெயரைப் பார்த்தேன். காத்து எண்ணுதானா. கீழே, எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்திருக்கிறது என்று இருந்தது.

எங்கள் டீம் லீடர் சுடலைமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார், நான் மட்டும் பார்க்கவில்லை.

"ஏளா பொன்னு, இத யாரு திரும்பச் சேத்தது?"

"நான் சேக்கலண்ணே."

அவர் உள்ளே வந்திருந்த தகவலைத் திறந்தார். மதியத்திலிருந்து காற்றின் வேகம் எழுத்தாகத்தான் வந்திருக்கிறது, அனுப்புகிற இடத்தில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். கச்சான் காற்று, சின்ன வள்ளத்தைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிற காற்று, ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு அழைப்புகூடப் போகவில்லை. வெளியே இருந்த வள்ளங்களில் ஒன்று மிக்கேல் மாமாவுடையது. ஜெரால்டின் அப்பா.

அண்ணன்தான் எழுத்தை எண்ணாக மாற்றும் வரியைச் சேர்த்தார், அழைப்புகள் போயின, ஒவ்வொருவராக எடுத்தார்கள், மாமாவும் எடுத்தார். அப்புறம்தான் மூச்சு வந்தது. திரும்பச் சோதனைகளை ஓட விட்டால் எல்லாம் பச்சை, ஆனால் அந்தப் பெயர் இல்லை. எங்கு தேடியும் இல்லை. பழைய கோப்பு எங்காவது ஒட்டியிருந்திருக்கும் என்று அண்ணன் சொன்னார், அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் கீழவைப்பாருக்குப் பஸ் ஏறினேன். மாமா வலையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து என் தலையில் கை வைத்தார்.

"நல்ல நேரத்துக்குக் கூப்ட்டிய தாயி. அதுவும் எம்மவன வச்சே கூப்ட்டிய."

எனக்குப் புரியவில்லை. ஆரம்பத்தில் ஜெரால்டின் குரலைத்தான் பதிவு செய்திருந்தோம், அது உண்மை. அவன் இறந்த வாரமே அதை அழித்துவிட்டு ஒரு பெண் குரலை வைத்தோம், அவன் குரலை எங்களால் கேட்டுத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற மற்ற வள்ளக்காரர்களிடம் மெதுவாக விசாரித்தேன். எல்லாருக்கும் பெண் குரல்தான் வந்திருக்கிறது.

மாமாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "என்ன சொன்னான் மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"காத்து ஏறுது, கரைக்கு வாங்கப்பான்னான். பெறகு சாப்ட்டீங்களான்னான்."

அவன் பதிவு செய்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். சாப்பாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனால் அதைக்கூட மாமாவின் ஆசை என்று நினைத்து நான் விட்டிருப்பேன், அவர் அடுத்துச் சொன்னதுதான் இன்றுவரை என்னை விடவில்லை. வலையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இன்னும் இல்லலேன்னேன். அப்பிடின்னா வீட்டுக்குப் போயி மொதல்ல சாப்புடுங்க, அம்மா ஒங்களுக்காவச் சாப்புடாம இருக்கான்னான்."