பஞ்சர்காரரின் எட்டுப் பெட்டிகள்

சோப்புக்கு நாலு ரூபாய் குறைந்ததால் பஞ்சர்காரர் அலமாரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெட்டி பெட்டியாக எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிள் டியூப் வருகிற அட்டைப் பெட்டிகள், மொத்தம் எட்டு. வாடகை, அரிசி, பால், மருந்து என்று ஒவ்வொன்றின் தலையிலும் கோணல் எழுத்து. சோப்புப் பெட்டி காலி என்றால் அந்த மாதத்துக்குச் சோப்பு முடிந்தது.

"பால் பெட்டியில இருக்கே, எடுத்துக் குடுங்களேன்" என்றாள் மனைவி. கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"எடுக்கலாம். ஆனா சீட்டு எழுதிப் போடணும். சோப்பு பாலுக்கு நாலு ரூபா கடன்னு."

"கடவுளே! மாடு வந்து கேக்கப் போகுதா?"

"கேக்குதோ இல்லையோ, கணக்கு கணக்குதான்."

பதினேழு மாதமாக இந்தக் கூத்து. வேறு யாராவது இப்படிக் கறாராகக் கணக்குப் பார்த்திருந்தால் அவள் பொறுத்திருப்பாள். இந்த வீட்டைக் கடனில் முக்கி எடுத்தவரே இவர்தானே! தவணை என்று பலகை மாட்டிய கடையைக் கண்டால் இவர் கால் தானாக உள்ளே போகும். கடைக்குக் காற்றடிக்கும் மிஷின் வாங்கியதில் நியாயம் உண்டு. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஆள் உயர ஃப்ரிஜ் எதற்கு? அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். கடைசியில் அவளுடைய தையல் மிஷினே அடகுக் கடைக்குப் போனது. பதினெட்டு மாதத்தில் மீட்காவிட்டால் விற்றுவிடுவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து அதை எழுத்துக்கூட்டிப் படித்த அன்று மனிதர் மாறினார். ஃப்ரிஜ்ஜை விற்றார். டீயை விட்டார். கடைக்கு நடந்தே போனார்.

"வாங்கும்போது இந்தக் கணக்குப்பிள்ளை எங்க போயிருந்தாரு?" என்று அவள் கேட்டால், "அப்ப அவரு லீவு" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

காலையில் கண்மூடி நின்று மிஷின் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவள், சில மாதமாக "இவருக்குக் கொஞ்சம் புத்தியும் கொடு சாமி" என்று சேர்த்துக்கொள்கிறாள்.

எட்டாவது பெட்டி கடனுக்கு. தன் கையைத் தானே நம்பாமல், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் அதை நாலு பக்கமும் அடைத்திருந்தார். சாயங்காலம் பணத்தை மேல் துவாரத்தில் போட்டுவிட்டு, அதன் மேல் டியூபுக்குப் போடுவது போலவே ஒரு ஒட்டு. மறுநாள் பிய்த்து, திரும்ப ஒட்டு.

சோப்புச் சண்டைக்கு மறுநாள்தான் அடகுக் கெடுவின் கடைசி நாள். அன்று மத்தியானம் கடன் பெட்டியை அறுத்தார். உள்ளே வழிந்திருந்த சொல்யூஷனில் நோட்டுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி இருந்தன.

"நோட்டுக்குமா பஞ்சர் ஒட்டினீங்க?"

"காத்து போயிடக் கூடாதுன்னுதான்..." என்று தலையைச் சொறிந்தார். "பெட்ரோல் போட்டுத் துடைச்சா விட்டுடும். ஆனா பெட்ரோலுக்குப் பெட்டி இல்லையே."

அவள் பால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"சீட்டு..."

"அந்த மாட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க ஓடுங்க!"

பெட்ரோல் வந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டாகப் பிரித்துத் துடைத்து விசிறினார்கள். ஐந்து மணிக்கு அடகுக் கடையை அடைத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகப் பத்து நிமிஷம்.

அடகுக் கடை குமாஸ்தா நோட்டை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். ஆனாலும் எண்ணினார். தொகை சரியாக இருந்தது. உள்ளேயிருந்து மிஷினைத் தூக்கி வந்து வைத்தார்கள். அவள் முந்தானையால் தூசியைத் துடைத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஓடியது.

அதற்குள் குமாஸ்தா ஒரு தாளை நகர்த்தினார். "ஒழுங்கா கட்டினவங்களுக்கு மட்டும்தான் இது. புதுக் கடன், போன தடவையைவிட நாலு மடங்கு. இன்னைக்கே கையில தந்துடறோம். ஒரே ஒரு கையெழுத்து." தாளின் மேல் பேனாவையும் வைத்தார்.

அவள் கை சக்கரத்தில் அப்படியே நின்றது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சர்காரர் தாளை மேலிருந்து கீழே படித்தார். திரும்பவும் மேலே போனார். முழங்காலில் கிடந்த வலது கை பேனாவை நோக்கி மெதுவாக எழும்பியது. அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு இழுத்துத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.